படகு மோட்டாரில் எரிபொருள் தடைப்படுதல்: பழுது காணும் முறை பற்றி ஒரு கருத்து

படகின் பின்பலகையில் மாட்டி, வேண்டாதபோது கழற்றித் தோளில் தூக்கிச் செல்லத்தக்க அவுட்போர்டு மோட்டார் நம் கரையோர மக்களுக்குப் புதிய பொருளன்று. நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பார் 1909-ஆம் ஆண்டில் இதனை வணிகப் பொருளாக ஆக்கினார். அவர் பெயரைத் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றுபோயிற்று. எனினும், அப்பெயருடையனவும் பிற பெயருடையனவுமாகிய பழைய மோட்டார்கள் நம் நாட்டில் இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. இருபது, முப்பது ஆண்டுகள் கடந்த ஒரு மோட்டார் கடலின் நடுவே நின்றுவிடுமாயின், அதனை உடையவர் முதலிற் செய்வது கார்புரேட்டரைக் கழற்றுவது. இவ்வழக்கம் தவறானது, பொருளையும் காலத்தையும் வீணாக்குவது, சில வேளைகளில் உயிருக்கே கேடு விளைப்பது என்பது நம் கருத்து. கார்புரேட்டர் இறுதியிற் பார்க்கவேண்டிய உறுப்பு. முதலிற் பார்க்க வேண்டியது அதற்கு எண்ணெய் வரும் வழி.

இச்செய்தியைச் சத்தியவேட்டை முன்னிட்டு எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். சத்தியவேடு கடற்கரை ஊர் அன்று. மணற்பாறைக் குன்றுகளும் காடும் சூழ்ந்த உள்நாட்டு ஊர். செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1960-இல் எல்லை மாற்றத்தினால் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திற் சேர்ந்து, 2022-இல் திருப்பதி மாவட்டத்திற்குள் வந்த பகுதி அது. ஆனால் நீருக்கு மாவட்ட எல்லை தெரியாது. பிச்சாட்டூர் அணையில் தேங்கும் ஆரணியாறு, நாகலாபுரம், சுருட்டப்பள்ளி வழியே ஊத்துக்கோட்டையைக் கடந்து, பொன்னேரிப் புறமாகச் சென்று பழவேற்காட்டு ஏரியிற் கலக்கின்றது. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் மிகப்பெரிய உவர்நீர்க் காயல் அது. மேற்கே ஆற்று வெள்ளம், கிழக்கே ஆழங்குறைந்த ஏரி, அதற்கப்பால் கடல் என்னும் இவ்வமைப்பில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படகு என்பது மீனவர்க்கு மட்டும் உரிய பொருளாக இருப்பதில்லை. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் பெருமழையால் திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தின் பிற பகுதிகளும் பட்ட அல்லலைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018-இல் கேரளத்தில் வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர் தம் படகுகளையும் மோட்டார்களையும் லாரிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று பல்லாயிரவரை மீட்டனர். அரக்கோணத்திலுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்து சேரும் வரையில், முதற் சில மணி நேரம் உள்ளூர்ப் படகின் பொறுப்பே ஆகும். அந்நேரத்தில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்த பின்னும் கிளம்பாத மோட்டார் ஒன்று எத்துணைத் துன்பத்தை விளைக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எண்ணெய் செல்லும் வழியைச் சற்று நோக்குவோம். படகினடியில் வைக்கப்படும் டாங்கி, அதன் மூடியிற் காற்றுத் திருகு, உள்ளே அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாயும் அதன் நுனியில் வலைச்சல்லடையும், வெளியே ரப்பர்க் குழாய், அதன் இடையே கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ், மோட்டாருடன் இணைக்கும் மூட்டு, பின்னர் வடிகட்டி, அதன்பின் எண்ணெய்ப் பம்பு, கடைசியாகக் கார்புரேட்டர். இப்பம்பில் பற்சக்கரமோ சுழலும் அச்சோ இல்லை. மெல்லிய டயாபிரம் ஒன்றே அதன் உயிர். இரு வீச்சு எஞ்சினின் கிராங்குப் பெட்டியில் பிஸ்டன் ஏறி இறங்குந்தோறும் அழுத்தம் கூடிக் குறைகின்றது. அத்துடிப்பு ஒரு சிறு துளை வழியாக டயாபிரத்தின் ஒரு புறத்தை அசைக்கின்றது. மறுபுறத்தில் எண்ணெய் உறிஞ்சப்பட்டுத் தள்ளப்படுகின்றது. அமைப்பு எளிது, ஆற்றலோ சிறிது. தனக்குக் கீழே சற்று ஆழத்திலுள்ள எண்ணெயைத் தூக்க அது போதும். வழியில் தடை சேர்ந்தாற் போதாது.

பழுதுகளில் மிக எளியதும், எளிதாய் இருப்பதனாலேயே மறக்கப்படுவதும் மூடியிலுள்ள காற்றுத் திருகு. அதனைத் திறக்க மறந்தால் என்ன நேரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 25 லிட்டர் டாங்கியில் 20 லிட்டர் மண்ணெண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். மீதி 5 லிட்டர் காற்று. மோட்டார் 1 லிட்டர் குடித்தவுடன் அந்த 5 லிட்டர்க் காற்று 6 லிட்டர் இடத்தில் விரிய வேண்டும். எனவே டாங்கியினுள் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 170 மில்லிபார், குறைந்துவிடும். மண்ணெண்ணெயை 1 மீட்டர் உயரம் தூக்குவதற்கே சுமார் 78 மில்லிபார் வேண்டும். ஆக, திருகை மூடிவைத்த ஒரு செயலால், டாங்கியை இரண்டு மீட்டருக்கு மேல் கீழே இறக்கி வைத்ததற்கு ஒப்பான சுமையைப் பம்பின்மேல் ஏற்றிவிடுகின்றோம். மோட்டார் கரையில் நன்றாகக் கிளம்பி, சிறிது தொலைவு சென்று நிற்பதன் மர்மம் பெரும்பாலும் இதுவே. பெட்ரோலாயின் ஆவியெழுச்சி இக்குறையை ஓரளவு ஈடு செய்யும். ஆனால் அங்கு வேறு தொல்லை உண்டு. மூடிய டாங்கி வெயிலிற் கிடந்தால் ஆவி அழுத்தம் மிகுந்து, எண்ணெய் தானாகவே கார்புரேட்டருக்குள் தள்ளப்பட்டு, மிதவை அறை வழிந்துவிடும். அப்போது எண்ணெய் மிகுதியால் மோட்டார் கிளம்பாது. பின்னர்ப் பசித்தும் நிற்கும், முன்னர் உண்டது மிகுந்தும் கிளம்பாது எனின், இதனை உடையவர் பேயின்மேற் பழிபோடுவதில் வியப்பில்லை.

ரப்பர்க் குமிழை மோட்டாரின் நாடி என்றே கூறலாம். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அதனைத் தொட்டுப் பார்க்கக் கற்றவர்க்குப் பாதிப் பழுது விளங்கிவிடும். குமிழின்மேல் உள்ள அம்புக்குறி மோட்டாரை நோக்கியிருக்க வேண்டும் என்பதை முதலில் உறுதி செய்து கொள்க. திருப்பி மாட்டிவிட்டு ஒரு நாள் முழுதும் பழுது தேடியோர் உண்டு. கிளப்புமுன் அமுக்கினால் சிலமுறைக்குப்பின் குமிழ் கெட்டிப்பட வேண்டும். எத்துணை முறை அமுக்கியும் கெட்டிப்படாவிடின், குமிழின் வால்வு தேய்ந்திருக்கலாம். டாங்கியின் பக்கத்து மூட்டில் காற்று நுழையலாம். அல்லது கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் எண்ணெய் வெளியே வழிந்து போகலாம். இம்மூன்றாவதாயின் பெட்ரோல் வாடையும், நீர்மேல் எண்ணெய்ப் படலமும் அதனைக் காட்டிக் கொடுக்கும்.

மோட்டார் ஓடித் தளரும்போது குமிழைப் பார்த்தல் இன்னும் பயனுடையது. அது உறிஞ்சப்பட்டுச் சப்பையாய்க் கிடந்தால், தடை குமிழுக்கும் டாங்கிக்கும் இடையே உள்ளது: காற்றுத் திருகு, சல்லடையில் அழுக்கு, அல்லது குழாயின் உட்சுவர் உரிந்து மடங்கி வழியை அடைத்தல். இக்கடைசிப் பழுது வெளியே தெரியாது. குழாய் பார்வைக்குப் புதிதுபோலவே இருக்கும். குமிழ் சப்பையாகாமல் தளர்ந்திருந்து, அதனை அமுக்கியவுடன் மோட்டார் உயிர் பெறுமாயின், பம்பு வலுவிழந்துவிட்டது, அல்லது வழியிற் காற்றுக் கலக்கின்றது. குமிழ் கெட்டியாகவே இருந்தும் மோட்டார் நின்றுவிட்டால் மட்டுமே, குமிழுக்கு அப்பாலுள்ள வடிகட்டியையும் ஊசி வால்வையும் ஜெட்டுகளையும் ஐயுறலாம். அப்பொழுதுங்கூட ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முதலிற் பார்க்கவேண்டும். பலமுறை இழுத்த பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் எண்ணெய் வரவில்லை என்பது உண்மை. நனைந்திருந்தால் எண்ணெய் வந்திருக்கின்றது. குற்றம் தீப்பொறியிலோ வேறிடத்திலோ இருக்கும். எண்ணெய் வரத்தில் குற்றமேயில்லாத மோட்டாரின் கார்புரேட்டரைப் பிரித்துக் கெடுப்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை.

காற்று நுழைதல் பற்றிச் சற்று விளக்க வேண்டும். பம்புக்கு முன்னுள்ள குழாயில் மோட்டார் ஓடும்போது அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆகவே அங்கு விரிசல் இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. காற்றே உள்ளே செல்லும். ‘ஒழுகவில்லை, ஆகவே குழாய் நன்று’ என்னும் தீர்ப்பு இதனால் பொய்த்துப் போகின்றது. குமிழுக்கும் மோட்டாருக்கும் இடையே ஒரு சாண் நீளம் கண்ணாடிபோற் தெளிந்த, எண்ணெய் தாங்கும் பிளாஸ்டிக் குழாயைச் சோதனைக்காக மாட்டிப் பார்த்தால், குமிழ்குமிழாகக் காற்று செல்வதைக் கண்ணாலேயே காணலாம். மூட்டுகளிலுள்ள சிறிய ரப்பர் வளையம் தேய்ந்திருப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். அவ்வளையத்தின் விலை மிக அற்பம். டயாபிரம் ஓட்டையாயின் வேறொரு அடையாளம் உண்டு: எண்ணெய், துடிப்புத் துளை வழியே கிராங்குப் பெட்டிக்குள் புகுந்து, அச்சிலிண்டருக்கு மட்டும் மிகுதியாய்ச் சேர்ந்து, புகையும் நனைந்த பிளக்குமாக வெளிப்படும்.

இவையனைத்தினும் சிறந்த சோதனை ஒன்றுண்டு. பக்கத்துப் படகின் நல்ல டாங்கியையும் குழாயையும் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே அது. மோட்டார் சீராக ஓடினால் குற்றம் டாங்கியிலும் குழாயிலும், ஓடாவிட்டால் மோட்டாருக்குள். ஐந்து நிமிடத்தில் ஐயத்தின் பாதி ஒழிந்துவிடுகின்றது. இம்முறைக்கு ஒரே இடையூறு, ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு மூட்டு வைத்திருப்பது. இம்மூட்டுகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. விஞ்ஞானக் காரணம் எதுவும் இதற்கு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

எரிபொருள் குறைந்தால் மோட்டார் நின்றுவிடும், அவ்வளவுதானே என்று எண்ணுதல் பெரும் பிழை. பழைய இரு வீச்சு மோட்டாருக்குத் தனியே மசகெண்ணெய்ப் பாத்திரம் கிடையாது. பெட்ரோலுடன் கலந்த எண்ணெயே அதன் தாங்கிகளையும் பிஸ்டனையும் நனைக்கின்றது. ஐம்பதுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் 1 லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். எரிபொருள் வரத்துக் குறைந்தால் கலவை மெலிந்து வெப்பம் ஏறுகின்றது. அதே வேளையில் மசகும் குறைகின்றது. வெப்பம் கூடும் நேரத்தில் உயவு குறைவது பிஸ்டன் இறுகிப்போவதற்கு நேரான வழி. எனவே, மோட்டார் இருமித் தளரும்போது திராட்டிலைத் திறந்துவைத்துக் கொண்டு விரட்டுதல் ஆகாது. குமிழைக் கையால் பிசைந்து கொண்டே கரை சேர நேர்ந்தால், மெதுவான வேகத்திலேயே வரவேண்டும். பத்து ரூபாய் வளையத்தைப் பார்க்காமல் விட்டு, பிஸ்டனுக்குப் பல்லாயிரம் கொடுத்தவர் பலர்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்களுக்கு ஒரு தனி நோய் உண்டு. இவை பெட்ரோலிற் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுவன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய ஆவி தராது. நிறுத்துமுன் சில நிமிடம் மறுபடியும் பெட்ரோலில் ஓடவிட்டு, கார்புரேட்டரிலுள்ள மண்ணெண்ணெயைத் தீர்த்துவிட வேண்டும். வலையை இழுக்க அவசரமாய் நிறுத்திவிட்டு, மறுபடி கிளப்ப முயன்றால், மிதவை அறை நிறைய மண்ணெண்ணெய் இருக்கும். எத்துணை இழுத்தாலும் எழாது. ‘எண்ணெய் வரவில்லை’ என்று சொல்லுவார்கள். உண்மையில் வரக்கூடாத எண்ணெய் வந்து நிற்கின்றது. மிதவை அறையின் வடிதிருகைத் திறந்து, அதனை ஒரு பாத்திரத்தில் வடித்து, குமிழை அமுக்கிப் பெட்ரோலை நிரப்பினால் தீரும்.

இனி, அண்மைக் காலத்தில் வந்த மாறுதலைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2022-இல் நூற்றுக்குப் பத்தாயிற்று. 2023 பிப்ரவரியில் இருபது விழுக்காடு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2025-இல் இருபதென்னும் இலக்கும் எய்தப்பட்டது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கவும் கரும்பு, தானிய விவசாயிக்கு வருவாய் தரவும் இதனைச் செய்தனர். அந்நோக்கத்தைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆனால் 2025-இல் பழைய எஞ்சின்களைப் பற்றி எழுந்த விவாதம் சாலை வாகனங்களையே சுற்றி நின்றது. படகு மோட்டாரின் நிலைமை வேறு. மோட்டார் காரின் டாங்கி ஓரளவு மூடப்பட்டது. அதன் பெட்ரோல் சில நாட்களிற் தீர்ந்துவிடும். படகின் டாங்கியோ உப்புக் காற்றுக்குத் திறந்தது, மழைநீருக்கு அருகில் உள்ளது. மீன்பிடி தடைக்காலத்தில் இரண்டு மாதம் அசையாமற் கிடப்பது.

எத்தனால் நீரை விரும்பி ஏற்பது. சிறிதளவு நீர்வரை பெட்ரோலோடு ஒன்றாகவே இருக்கும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் கைகோத்துக் கீழே தனிப் படுகையாய் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் நுனி இருப்பது அடியில் அன்றோ? ஆகவே மோட்டார் முதலிற் குடிப்பது அப்படுகையைத்தான். அதனினும் கேடு, நாம் கலந்த மசகெண்ணெய் மேலேயுள்ள பெட்ரோலோடு தங்கிவிடுகின்றது. கீழ்ப்படுகையில் அது இல்லை. மேலும், 1 கிலோ தூய பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இருபது விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 13.5. பழைய கார்புரேட்டரின் ஜெட் துளை தூய பெட்ரோலுக்கு அளந்து துளைக்கப்பட்டது. அத்துளை வழியே வரும் புதுக் கலவை எஞ்சினுக்குச் சற்று மெலிந்ததாகவே அமையும். அடைப்பால் முன்னமே பாதி பட்டினி கிடக்கும் மோட்டாருக்கு இதுவும் சேர்கின்றது. பழைய குழாய், வளையம், டயாபிரம் ஆகியவற்றின் ரப்பர் எத்தனாலில் ஊறி உப்புதலும் மென்மையாதலும் உண்டு. டாங்கியிற் படிந்திருந்த பழைய பிசினை எத்தனால் கரைத்து வடிகட்டிக்கு அனுப்புதலும் உண்டு.

இதற்கு ஆய்வுசாலை வேண்டுவதில்லை. டாங்கியின் அடியிலிருந்து ஒரு குவளை எண்ணெயை எடுத்து, நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, கால் மணி நேரம் அசையாமல் வைத்துப் பார்த்தாற் போதும். கீழே கோடு விழுந்தாற்போல் இரு படுகை தெரியுமானால் அவ்வெண்ணெயை மோட்டாருக்குக் கொடுக்கலாகாது. முழுதும் வடித்துவிட வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிசெய்யலாம் என்பது வீண் நம்பிக்கை. வாங்கிய பெட்ரோலில் எத்தனால் உண்டா என்று அறிய விரும்புவோர், அளவுக்கோடிட்ட குழலில் சிறிது நீரையும் பெட்ரோலையும் சேர்த்துக் குலுக்கி நிறுத்தினால், அடியிலுள்ள நீர்ப்பகுதி ஊற்றிய அளவினும் பெருத்துத் தோன்றுவதைக் காணலாம். இச்சோதனைகளைத் திறந்த வெளியிற் செய்க. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியிலேயே தேங்கி நிற்கும். அங்கே ஒரு பீடி நெருப்புப் போதும்.

இதுகாறும் கூறியதில் புதுமை ஏதும் இல்லை. தேர்ந்த மெக்கானிக் ஒவ்வொருவரும் அறிந்ததே. நம் குறை, அவ்வறிவு மெக்கானிக்கிடம் மட்டுமே தங்கியிருப்பது. கொச்சியில் 1963-இல் தொடங்கப்பெற்று, பின்னர்ச் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளை கொண்ட மத்திய மீன்வளக் கடல்சார் பொறியியல் பயிற்சி நிலையம் பெரிய படகுகளுக்கு வேண்டிய ஆட்களைத் தயாரிக்கும் பணியை நன்கு செய்து வந்துள்ளது. ஆழ்கடற் கப்பலின் எஞ்சினியருக்குப் பயிற்சி தரும் நாம், பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரின் சொந்தக்காரருக்கு ஒரு நாட் பயிற்சிகூடத் தமிழிலும் தெலுங்கிலும் பரவலாகத் தர முற்படாதது பொருந்தாது. மானியத்தில் மோட்டார் வழங்கும்போது, கூடவே ஒரு டயாபிரம், மூட்டு வளையங்கள், ஒரு குழாய், ஒரு வடிகட்டி ஆகிய சிறு பையையும் சேர்த்து வழங்கினால் செலவு அற்பமே. படகுத்துறை ஒவ்வொன்றிலும், எல்லாக் கம்பெனி மூட்டுகளும் பொருந்தும் சோதனை டாங்கி ஒன்றைக் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் வைக்கலாம். இவற்றுக்கெல்லாம் பெருந்திட்டம் வேண்டுமென்று காத்திருக்கத் தேவையில்லை.

வெள்ள மீட்புக்கென அலுவலகக் கிடங்குகளில் வைக்கப்படும் மோட்டார்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஆண்டில் பதினொரு மாதம் உறங்கி, ஒரு மாதத்தில் ஒரு நாள் எழ வேண்டியவை அவை. உறங்கும் மோட்டாரின் கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோல் உலர்ந்து பிசினாகி ஜெட்டை அடைக்கின்றது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு இந்நோய் அரிது. ஆகவே கிடங்கில் வைக்குமுன், குழாயைக் கழற்றிவிட்டு, குளிர்நீர் ஓட்டத்தோடு மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் தீர்ந்து நிற்கச் செய்து, மிதவை அறையில் எஞ்சியதை வடித்துவிட வேண்டும். டாங்கியையும் காலியாக வைக்க வேண்டும். புரட்டாசி மாதத்தில், மழைக்கு முன்னரே, புதுப் பெட்ரோல் ஊற்றி, நீர்த்தொட்டியில் வைத்து அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, ஓடிய தேதியையும் ஓட்டியவர் பெயரையும் ஓர் ஏட்டிற் குறித்துவைக்க வேண்டும். பிச்சாட்டூர் அணையின் மதகைத் திறக்குமுன் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் அதிகாரி, அவ்வேட்டையும் ஒருமுறை வரவழைத்துப் பார்ப்பாராயின் நன்று.